யாரும் பார்க்காத மானிட்டர்

ஒன்பது நாளாகப் பெரியவள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் தலைவலி என்பாள். பதினோரு வருடம் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, நாள் முழுக்க அந்த இரைச்சலில் உட்கார்ந்தவளுக்குத் தலைவலியாம், யாரிடம் கதை விடுகிறாள்? விஷயம் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் பெரிய கிரேனை ஓட்டுவதற்கான தேர்வில் அவள் இரண்டாவது முறையும் தோற்றுவிட்டாள். மூன்று முறைதான் உட்கார விடுவார்கள். மூன்றாவதிலும் தோற்றால் இரண்டு வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அதற்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அந்த மூன்றாவது முறை இன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு.

முதல் முறை தோற்றபோது அவள் யாரையும் குறை சொல்லவில்லை. கீழே ஆள் நிற்கும்போது ஹாரன் அடிக்க மறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து தானே சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது முறை தோற்று வந்த அன்று சிரிப்பு இல்லை. கன்டெய்னர் ஊஞ்சலாடிக் கொண்டுபோய் லாரியின் தலையில் இடித்திருந்தது.

"படம் பின்னாடி வருதுடி. நான் கைப்பிடியைத் தள்றேன், கன்டெய்னர் யோசிச்சிட்டு அப்புறமா நகருது," என்றாள் தங்கையிடம்.

தங்கையிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேர்வு நடக்கும் பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவளே இந்தச் சின்னவள்தான். டைப் அடிக்க என்று சேர்ந்தவள், பழுது பார்க்க வருகிறவர்களின் பின்னாலேயே நின்று பார்த்துப் பார்த்து, ஆறு வருடத்தில் அந்த அறையின் சாவியைத் தன் கைக்கு வாங்கிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று அவளே சொல்ல மாட்டாள்.

அங்கே தேர்வு பேப்பரில் இல்லை, நாற்காலியில். ஓர் அறையில் ஆறு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று பெரிய திரை, இரண்டு பக்கமும் கைப்பிடி. உட்கார்ந்தால் நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது மாதிரியே இருக்கும். கீழே கப்பல் தெரியும், லாரி தெரியும், எட்டிப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். இத்தனை படத்தையும் வரைந்து அனுப்புவது பக்கத்து அறையில் இருக்கும் ஒரே ஒரு சர்வர். அதற்குள் ஆறு நாற்காலிக்கும் ஆறு விர்ச்சுவல் மெஷின், ஒரே வீட்டில் ஆறு குடித்தனம் வைத்த மாதிரி. ஆளுக்கொரு அறை, ஆனால் அடுப்பு ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டுதான் அந்த அடுப்பு. மையத்தின் நிர்வாகி இவற்றைப் 'பொய் மெஷின்' என்பார். அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான், விடுங்கள்.

அக்கா சொன்ன மறுநாளே சின்னவள் ஆறு மெஷினின் செட்டிங்கையும் திறந்து பார்த்தாள். படம் வரைகிற பாரத்தை கார்டிடம் ஒப்படைக்கும் இடம் ஒன்று உண்டு, த்ரீ-டி ஆக்சலரேஷன் என்று. ஆறிலும் டிக் இருந்தது. படத்துக்கான நினைவகம் முழுசாகக் கொடுத்திருந்தது. எல்லாம் பச்சை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. உனக்குத்தான் பதற்றம்," என்று சொல்லிவிட்டாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அதிலிருந்துதான் அந்தத் தலைவலி.

இன்று காலையில் நடந்ததைக் கேளுங்கள். சின்னவளை மையத்தில் இறக்கிவிடப் பெரியவளே வேனை எடுத்தாள். வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு சந்து, வேன் நுழையுமா என்று காவலாளியே சந்தேகமாகப் பார்க்கிறார். பெரியவள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள், ஒரே வீச்சில் பின்வாங்கி உள்ளே விட்டாள். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம்தான் மிச்சம். இடையில் பிரேக்கைத் தொடக்கூட இல்லை.

"மூணு மணிக்கு வந்துடறேன்," என்றாள். "இன்னிக்கும் போச்சுன்னா விட்டுடலாம்டி. கை போயிடுச்சு போல. வயசாகுதில்ல."

சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. கை போன கையா இது? இந்தக் கையா ஒரு கன்டெய்னரை நேராக இறக்கத் தெரியாமல் லாரி தலையில் இடிக்கும்? அக்கா சொன்னதை நம்பாமல் திரையில் இருந்த பச்சை டிக்கை நம்பினோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கைப்பையை மேசையில் போட்ட கையோடு முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்கு கிரேன் ஓட்டத் தெரியாது. மெதுவாகத் தள்ளினாள், கன்டெய்னர் மெதுவாக நகர்ந்தது, ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பிறகு அக்கா செய்வது மாதிரி வெடுக்கென்று தள்ளி வெடுக்கென்று இழுத்தாள். அங்கேதான் மாட்டியது. கை திரும்பிய பிறகும் கன்டெய்னர் பழைய பக்கமே போய்க்கொண்டிருந்தது. மூலையில் எண்ணிக்கையை வரவழைத்துப் பார்த்தாள். நொடிக்கு அறுபது படம் வர வேண்டிய இடத்தில் பதினொன்று வந்தது.

நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிறவனுக்கு இந்தத் தாமதம் தெரியவே தெரியாது, தேர்வும் பாஸ். கை வேகமான ஆளுக்குத்தான் வினை. தள்ளியதைத் திருத்தப் போய், திருத்தியதைத் திருத்தப் போய், ஆட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். வந்தவர்களிலேயே நல்ல கை யாருடையதோ அதைத்தான் இந்த மெஷின் தேடிப் பிடித்துத் தோற்கடித்திருக்கிறது.

சர்வர் விற்ற கம்பெனிக்கு போன் போட்டாள். அங்கிருந்த என்ஜினியர், "எங்க பக்கம் எல்லாம் சரியா காட்டுது மேடம். கார்டோட டிரைவர் சாஃப்ட்வேரைப் புதுசு பண்ணிப் பாருங்க," என்றார். பண்ணினாள், பதினொன்று பன்னிரண்டானது. "அப்போ ஆறு மெஷினையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம், நாளைக்கு முடிஞ்சிடும்," என்றார். நாளைக்காம். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கிறது? நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு யோசித்தாள். டிக் இருக்கிறது, சரி. டிக் என்ன சொல்கிறது? கார்டு வேண்டும் என்று இந்த மெஷின் கேட்டிருக்கிறது என்று சொல்கிறது. கேட்டது கிடைத்ததா என்று அது சொல்லவில்லையே. படத்தை உண்மையில் யார் வரைகிறார்கள் என்று மெஷினுக்குள் போய்ப் பார்த்தாள். கார்டின் பெயர் இருக்க வேண்டிய வரியில் வேறு ஏதோ ஒரு மென்பொருளின் பெயர் இருந்தது. ஆறிலும் அதேதான்.

எழுந்து சர்வர் அறைக்கு ஓடினாள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். ஆறு நாற்காலிக்கும் படம் வரைந்தால் கை வைக்க முடியாமல் கொதிக்க வேண்டிய கார்டு, ஜில்லென்று இருந்தது. அதன் விசிறி சுற்றவே இல்லை. பக்கத்தில் சர்வரின் மூளையான பிராசஸரின் விசிறி மட்டும் உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. கார்டு சுகமாகத் தூங்குகிறது, அதன் வேலையையும் சேர்த்துப் பிராசஸர் ஒண்டியாளாக இழுக்கிறது.

எப்போதிலிருந்து என்று சர்வரின் பதிவுகளைத் தேடினாள். பதினெட்டு நாளைக்கு முன்னால் மின்சாரம் போய் சர்வர் அணைந்து திரும்ப வந்திருந்தது. அதற்கு முந்தைய வரி வரைக்கும் கார்டின் பெயர் இருந்தது, பிந்தைய வரியிலிருந்து இல்லை. கார்டு கெட்டிருந்தால் எச்சரிக்கை இருக்கும், அதுவும் இல்லை. திரை எதுவும் இணைக்கப்படவில்லை என்று மட்டும் ஒரு வரி இருந்தது.

அதைப் படித்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அறையில் சர்வரோடு இணைத்து ஒரு பழைய மானிட்டர் இருந்தது. அதை யாரும் பார்ப்பதில்லை. படங்கள் வயர் வழியாகப் பக்கத்து அறைக்குப் போகின்றன, சர்வரை அவள் தன் மேசையிலிருந்தே கவனித்துக்கொள்கிறாள், அப்புறம் அது எதற்கு? தூசி படிந்து கிடந்தது. இருபது நாளைக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தபோது அறையைச் சுத்தம் செய்தவள், வயர்களுக்கெல்லாம் வண்ண நாடா கட்டி, அந்த மானிட்டரைக் கழற்றி வரவேற்பறைக்குக் கொடுத்துவிட்டாள். வந்தவர்கள் அசந்துபோனார்கள். எல்லோர் எதிரிலும் நிர்வாகி அவளைப் பாராட்டினார், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழற்றிய அன்று ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய் வந்தபோது, கண் விழித்த கார்டு சுற்றிப் பார்த்து, ஒரு திரைகூட இல்லை, நமக்கு இங்கே என்ன வேலை என்று படுத்துக்கொண்டது.

அக்காவைத் தோற்கடித்தது மெஷின்கூட இல்லை. தான்தான்.

யாருக்கும் தெரியாமல் மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டால் போதும், மூன்று மணிக்கு எல்லாம் சரியாக ஓடும். அந்த நினைப்பும் வந்தது, வரவில்லை என்றால் பொய். ஆனால் அக்காவின் பெயருக்கு எதிரே இருக்கிற அந்த இரண்டாவது தோல்வி அப்படியே இருக்கும். கை போய்விட்டது என்ற நினைப்போடுதான் அக்கா நாற்காலியில் ஏறுவாள். அப்படி ஏறுகிறவளின் கை நடுங்காதா? நடுங்கினால் அதோடு கதை முடிந்தது.

மானிட்டரைத் தொடாமல் நேராகத் தேர்வாளரிடம் போனாள். இருபத்திரண்டு வருடம் கிரேன் ஓட்டியவர், யார் பக்கமும் சாயாதவர், அதனால் எல்லோரும் வைத்த பெயர் தராசு.

"சார், நீங்க ஒரு தடவை உக்காந்து ஓட்டிப் பாக்கணும்."

"உங்க அக்காவுக்காகவா?"

"ஆமா சார், அக்காவுக்காகத்தான். ஆனா அக்கா சொன்னப்போ நானும் நம்பலை. நீங்க யாரையும் நம்ப வேணாம், உங்க கையை நம்புங்க."

தராசுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் தன் கையைப் பற்றிச் சொன்ன பிறகு உட்காராமல் இருக்க அவரால் முடியுமா? நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சரிசெய்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வருடமாக நாற்காலிக்குப் பின்னால் நின்று மதிப்பெண் போட்டாரே தவிர, அவர் அதில் உட்காரவே இல்லை. கன்டெய்னரை லாவகமாகத் தூக்கினார், சரேலென்று பக்கவாட்டில் கொண்டுபோனார், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். கன்டெய்னர் நிற்கவில்லை. இழுத்தார், அது எதிர்ப்பக்கம் போனது. திருத்தினார், இன்னும் பெரிதாக ஆடியது. லாரியின் தலையில் போய் இடித்தது. திரையில் சிவப்பு எழுத்தில் 'தோல்வி' என்று வந்தது.

தராசு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்தார்.

"அந்தம்மா அன்னிக்கு இதைத்தானே சொன்னாங்க," என்றார் மெதுவாக. "நான் கேக்கலை."

அதற்குப் பிறகு ஒரே பரபரப்பு. வரவேற்பறையில் இருந்தவர், "வர்றவங்க பேரை நான் எதுல பாக்கிறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே மானிட்டரைக் கொடுத்தார். சின்னவளே தூக்கிக்கொண்டு வந்து சர்வரில் மாட்டி, சர்வரை அணைத்துத் திரும்ப எழுப்பினாள். அந்த ஏழு நிமிடமும் அவள் உயிர் அவளிடம் இல்லை. எட்டாவது நிமிடம் கார்டின் விசிறி ஒரு தடவை நடுங்கி, பிறகு நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். ஆறு மெஷினிலும் கார்டின் பெயர் இருந்தது. நொடிக்கு அறுபது.

தராசு திரும்ப உட்கார்ந்தார். கன்டெய்னர் அவர் கையோடு கையாகப் போய் லாரியின் நாலு மூலைப் பூட்டிலும் பொருந்தி உட்கார்ந்தது. "இன்னொரு தடவை," என்றார். முடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார். அந்த மனிதர் பல் தெரியச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

நிர்வாகி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பழுதுப் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கருவிப் பழுதுன்னு மட்டும் எழுதும்மா. இந்தப் பக்கம் அப்படியே தலைமை அலுவலகத்துக்குப் போகும். உன் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாமான்னு ஏற்கெனவே கேட்டுட்டிருக்காங்க. உன் தலையில நீயே ஏன் மண்ணை வாரிப் போட்டுக்கிறே?"

"வெறும் பழுதுன்னு எழுதினா அக்காவோட அந்தத் தோல்வியை அடிச்சுடுவீங்களா சார்?"

நிர்வாகி மென்று விழுங்கினார். காரணமும் கையெழுத்தும் இருந்தால் உடனே அடிக்கலாம், இல்லாவிட்டால் விசாரணை, அது எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

சின்னவள் பேனாவை எடுத்தாள். பூசி மெழுகவில்லை. தேதி போட்டு, மானிட்டரைக் கழற்றியது, மின்சாரம் போனது, கார்டு நின்றது, படம் தாமதமானது, அந்த நாட்களில் அக்காவும் இன்னொருவரும் தோற்றது, கம்பெனிக்கு போன் போட்டும் சரியாகாதது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். 'யாரால்' என்ற கட்டத்தில் 'என்னால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த இன்னொருவருக்கும் மறுதேர்வுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லித் தராசு பக்கத்தில் குறித்தார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரியவள் வந்தாள். சின்னவள் அவளை நடைபாதையிலேயே நிறுத்தினாள்.

"அக்கா, நீ சொன்னதுதான் சரி. படம் தாமதமாத்தான் வந்துது. தராசே உக்காந்து லாரியில இடிச்சாரு."

பெரியவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"காரணம் நான்தான்க்கா. அறை அழகா இருக்கணும்னு ஒரு மானிட்டரைக் கழட்டினேன். அதனால வந்தது. நீ சொன்னப்பவும் உன்னை நம்பலை."

பெரியவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை என்று சின்னவளுக்கு இருந்தது.

"ஒம்போது நாளா இந்தக் கையைத்தான்டி பாத்துட்டிருந்தேன்," என்றாள் பெரியவள் கடைசியில். "ராத்திரி படுத்தா விரலை மடக்கி மடக்கிப் பாப்பேன். பதினோரு வருஷம் சோறு போட்ட கை இப்படி ஆயிடுச்சேன்னு."

"கைக்கு ஒண்ணும் ஆகலைக்கா."

"நிஜமாவா?"

"நிஜமா. உன் கை நல்லா இருக்கறதாலதான் நீ தோத்தே."

பெரியவளின் கண் கலங்கியது. அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று மணிக்குத் தராசு விசில் ஊதினார். சின்னவள் கதவோரத்தில் நின்றாள். பெரியவள் முதலில் ஹாரனை அடித்தாள், சத்தமாக, இரண்டு தடவை. கன்டெய்னரைக் கப்பலிலிருந்து எடுத்தாள். நிறுத்தவில்லை, தயங்கவில்லை, மேலே தூக்கிக்கொண்டே பக்கவாட்டிலும் கொண்டுபோனாள். நடுவில் காற்று வீசுகிற மாதிரி தராசு ஒரு பொத்தானை அழுத்தினார், அது தேர்வில் உள்ளதுதான். கன்டெய்னர் லேசாக ஆடியது. பெரியவளின் இடது கை அரை அங்குலம் அசைந்தது, ஆட்டம் நின்றது. லாரியின் மேல் இறக்கியபோது சத்தம்கூடக் கேட்கவில்லை. நாலு மூலையும் ஒன்றாகப் பச்சையானது.

தராசு கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்காலம் என் நேரத்தைப் பெருமையா வீட்ல சொல்லலாம்னு இருந்தேன்," என்றார். "கெடுத்துட்டீங்களேம்மா. நாலு நிமிஷம் எட்டு நொடி. நான் எடுத்தது நாலரை." சொல்லிவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். தேர்வு எழுதியவருக்கு அவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

நிர்வாகி பதிவேட்டைக் கொண்டுவந்தார். தோல்வியை அடிக்கப் பாதிக்கப்பட்டவரின் கையெழுத்தும் வேண்டும். பெரியவள் பக்கத்தை முழுசாகப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி அவ்வளவு மெதுவாகப் படித்தாள். 'என்னால்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் தோல்வி இருக்கட்டும் சார், அது என்னோடது. ரெண்டாவதை மட்டும் அடிங்க," என்றாள். பிறகு கீழே 'குறிப்பு' என்ற கட்டத்தைக் காட்டினாள். "இதுல நான் எழுதலாமா?"

"அதுல யாரும் எழுதினதில்லையேம்மா."

"கட்டம் காலியாத்தானே சார் இருக்கு?"

நிர்வாகி பேனாவை நீட்டினார். பெரியவள் குனிந்து எழுதினாள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவளின் எழுத்து, பெரிது பெரிதாக, கட்டத்துக்கு வெளியிலும் போனது.

'கழற்றியவள் என் தங்கை. வெளிக் கம்பெனியால் முடியாததை ஒரு காலைப் பொழுதில் கண்டுபிடித்தவளும் அவள்தான். யாரும் கேட்காதபோது எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். இந்த மெஷின்களை அவள் பார்த்துக்கொள்ளும் வரை நான் நம்பி உட்காருவேன்.'

கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டைத் தள்ளினாள். தராசு வாங்கிப் படித்தார். தன் பேனாவை எடுத்து, அதற்கு நேர் கீழே 'நானும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சின்னவளுக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. நிர்வாகி பாராட்டிய அன்று குளிர்ந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தாள். தலைமை அலுவலகத்துக்கு அதைத் தன் கையாலேயே அனுப்பினாள்.